குழாய்க்கு முன்னால் மூச்சு: அவசரச் சிகிச்சையில் சுவாசத்தைக் கணிப்பதும் காப்பதும்

மயங்கிய நிலையில் ஒருவரைக் கேஷுவாலிட்டிக்குள் தள்ளிக்கொண்டு வந்தால், முதலில் விரலில் ஏறுவது பல்ஸ் ஆக்ஸிமீட்டர். திரையில் 96 என்று வந்ததும் சுற்றி நிற்பவர்களுக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதியில் கைவிட்டுப்போன உயிர்கள் நிறைய. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்லும். அதைத் தக்கவைக்க அந்த உடம்பு என்ன பாடுபடுகிறது, கார்பன் டை ஆக்சைடு வெளியே போகிறதா, இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. சேமிப்புப் பை வைத்த மாஸ்க்கில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போது, நிமிடத்துக்கு 6 தடவை மட்டுமே மூச்சுவிடுகிற ஒருவருக்குக்கூட 98 காட்டும். உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகும். எண் சரியும்போது நேரம் கையைவிட்டுப் போயிருக்கும்.

அந்தக் கருவிக்கு வேறு குறைகளும் உண்டு. கை சில்லிட்டிருந்தாலோ, ரத்த அழுத்தம் படுத்திருந்தாலோ, நகப்பூச்சு இருந்தாலோ தவறாகக் காட்டலாம். புகையில் சிக்கி கார்பன் மோனாக்சைடு ஏறியவருக்கு 99 காட்டிக்கொண்டே இருக்கும். அமெரிக்க மருத்துவமனைகளின் பதிவுகளை வைத்து 2020-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி 92-96 என்று நல்லபடியாகக் காட்டியது கறுப்பின நோயாளிகளிடம் வெள்ளையரைவிட ஏறக்குறைய 3 மடங்கு அதிகம் எனத் தெரிந்தது. தோல் கறுத்தவர்களே அதிகம் வந்துபோகும் நம் வார்டுகளில் 93-ஐயும் 94-ஐயும் அப்படியே நம்பிவிடக் கூடாது.

ஆகவே முதல் பார்வை நெஞ்சுக்குப் போகட்டும். சட்டையை விலக்கி, முழுதாக 60 நொடி மூச்சை எண்ண வேண்டும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சு தவறினாலே விடையில் நான்கு கூடிவிடும், அல்லது குறைந்துவிடும். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நினைவோடு இருப்பவர் மூச்சை மாற்றிவிடுவார். அதனால் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்தபடி எண்ணுவது நல்லது. கேஸ் ஷீட்டுகளில் எல்லாருக்கும் 18 அல்லது 20 என்று எழுதிவிடும் பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. நோயாளி சரியப்போகிறார் என்பதைப் பல மணி நேரம் முன்னதாகவே காட்டிக்கொடுக்கும் எண் இதுதான். அதைத்தான் எண்ணாமலே எழுதுகிறோம்.

பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 30-ஐத் தாண்டினாலும் 8-க்குக் கீழே போனாலும் உடனே கைகொடுக்க வேண்டிய நிலை. குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு எளிமையானது: 2 மாதத்துக்குள் 60-ம் அதற்கு மேலும், 2 முதல் 12 மாதம் வரை 50-ம் அதற்கு மேலும், 1 முதல் 5 வயது வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேக மூச்சு. குழந்தை அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணக் கூடாது.

எண்ணிக்கையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை: நெஞ்சின் இரு பக்கமும் ஒன்றாக ஏறுகிறதா, விலா இடைவெளியும் கழுத்துக்குழியும் உள்ளே இழுக்கின்றனவா, ஒரே மூச்சில் எத்தனை சொல் பேசுகிறார். "நேத்து ராத்திரியிலிருந்து இழுக்குது டாக்டர்" என்று முழு வாக்கியம் சொல்பவர் வேறு. "நேத்து… ராத்திரி…" என்று சொல்லுக்குச் சொல் நிற்பவர் வேறு. ஆஸ்துமாவில் எல்லாரையும் ஏமாற்றும் கட்டம் ஒன்று உண்டு. நிமிடத்துக்கு 40 என்று இரைத்துக்கொண்டிருந்தவர் 16-க்கு இறங்குவார், வீசிங் சத்தம் அடங்கும், கண் சொருகும். மருந்து வேலை செய்துவிட்டது என்று தோன்றும். ஆனால் தசைகள் களைத்துவிட்டன, காற்றே உள்ளே போகவில்லை என்பதால்தான் அந்த அமைதி. மூச்சு குறைந்து, பேச்சும் தெளிவும் திரும்பியிருந்தால்தான் முன்னேற்றம்.

சத்தமும் ஒரு பரிசோதனை. குறட்டை வந்தால் நாக்கு பின்னால் விழுந்திருக்கிறது. தலையைச் சரிசெய்ய வேண்டும். களகளவென்று கேட்டால் வாயில் திரவம், உறிஞ்சியெடுக்க சக்‌ஷன் வேண்டும். மூச்சை உள்ளிழுக்கும்போது கீச்சென்ற கரடான சத்தம் வந்தால் குரல்வளைப் பக்கம் அடைப்பு அல்லது வீக்கம். வெளிவிடும்போது விசில்போல் கேட்டால் கீழே மூச்சுக்குழல்கள் சுருங்கியிருக்கின்றன. நெஞ்சு அசைந்தும் சத்தமே இல்லையென்றால் முழு அடைப்பு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு வாய் திறந்து, தாடை அசைந்து, நீண்ட இடைவெளி விட்டு ஒரு ஏங்கல் வரும். "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று உறவினர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இது மூச்சில் சேர்த்தி இல்லை. கூப்பிட்டுத் தட்டியும் அசைவில்லை, மூச்சும் ஒழுங்காக இல்லை என்றால், 10 நொடிக்குள் முடிவெடுத்து நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும்.

தலை, தாடை, நாக்கு

மயங்கியவரின் சுவாசப்பாதையைப் பெரும்பாலும் அடைப்பது அவருடைய நாக்கும் தொண்டையின் தளர்ந்த தசைகளும்தான். நெற்றியில் ஒரு கையை வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, மறுகை விரல்களால் தாடையெலும்பைத் தூக்கினாலே பாதை திறந்துவிடும். 1950-களில் பீட்டர் சாஃபர் அமெரிக்காவின் பால்டிமோரில் ஆய்வுசெய்து நிறுவிய முறை இது. செலவில்லாதது, எங்கும் செய்யலாம், ஆனாலும் அவசரத்தில் முதலில் மறந்துபோவதும் இதுதான். விரல்கள் எலும்பின் மேல் இருக்க வேண்டும். தாடைக்குக் கீழுள்ள சதையில் அழுத்தினால், குழந்தைகளுக்கு முக்கியமாக, நாக்கை நாமே மேலே தள்ளிப் பாதையை அடைத்துவிடுவோம்.

விபத்தில் கழுத்தெலும்பு அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் தலையைச் சாய்க்காமல், தலைமாட்டில் நின்று, இரு தாடைக் கோணங்களையும் விரல்களால் முன்னே தள்ள வேண்டும். அதில் பாதை திறக்கவில்லையென்றால் தலையைச் சாய்த்தே ஆக வேண்டும். கழுத்துக் காயம் இருக்கலாம் என்பது ஒரு சந்தேகம். மூச்சு நின்றால் சாவு என்பது நிச்சயம்.

பெரியவர்களுக்குத் தலைக்கடியில் ஒரு மடித்த துணி வைத்துக் காதுத் துளையும் நெஞ்செலும்பின் மேல் குழியும் ஒரே மட்டத்துக்கு வரும்படி செய்தால் பாதை நேராகும். கைக்குழந்தைக்குப் பின்மண்டை பெரிது; மல்லாக்கப் போட்டாலே தலை முன்னே மடியும். அங்கே துணி போக வேண்டிய இடம் தோளுக்கடியில். முகம் நேராகக் கூரையைப் பார்க்க வேண்டும். அதிகம் சாய்த்தாலும் மென்மையான மூச்சுக்குழாய் நசுங்கும்.

வாயில் வாந்தியோ ரத்தமோ இருந்தால், தலையைச் சரிசெய்வதோடு ஒருக்களித்துப் படுக்கவைத்து சக்‌ஷன். வாய்க்குள் யாங்காவர் எனப்படும் உறுதியான உறிஞ்சுமுனை நல்லது. மெல்லிய ரப்பர் கதீட்டரில் சோற்றுப்பருக்கை அடைத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியும் ஆழம் வரை மட்டும் விட்டு, வெளியே எடுக்கும்போது உறிஞ்ச வேண்டும். ஒரு தடவைக்கு 10 நொடிக்கு மேல் வேண்டாம். உறிஞ்சும்போது ஆக்சிஜனையும் சேர்த்தே உறிஞ்சுகிறோம், தொண்டையைத் தொட்டால் நாடி சட்டென்று குறையவும் கூடும். பணி தொடங்கும்போதே டியூபை மடக்கிப் பிடித்து மீட்டர் ஏறுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். 300 மி.மீ. பாதரசத்தைத் தொடாத இயந்திரம் கெட்டியான வாந்தியை இழுக்காது.

நாக்கு பின்னால் விழாமல் தாங்கும் வளைந்த குழலான வாய்வழி ஏர்வேயை உதட்டோரத்திலிருந்து தாடைக் கோணம் வரை வைத்து அளக்க வேண்டும். சிறியதைப் போட்டால் அதுவே நாக்கைப் பின்னால் தள்ளும். பெரியதைப் போட்டால் குரல்வளை மூடியை அழுத்தி அடைக்கும். பெரியவர்களுக்குத் தலைகீழாக நுழைத்து, மேலண்ணத்தைத் தாண்டியதும் திருப்புவது வழக்கம். குழந்தைகளுக்குத் திருப்பினால் மென்னண்ணம் கிழியும். நாக்கை அழுத்திப் பிடித்து நேராகவே விட வேண்டும். ஓங்கரித்தால் உடனே எடுத்துவிட வேண்டும், பிளாஸ்டர் போட்டு ஒட்டிவைக்கக் கூடாது. வலிப்பில் பல் கிட்டிப்போனவருக்கு மூக்குவழி ஏர்வே உதவும்: மூக்கு நுனியிலிருந்து காதுமடல் முன்குமிழ் வரை அளவு, ஜெல்லி தடவி, முகத்துக்குச் செங்குத்தாக, மேல்நோக்கித் தள்ளாமல். முகம் நொறுங்கியிருந்தாலோ மூக்கிலும் காதிலும் நீர்போல் வடிந்தாலோ அதைத் தவிர்க்க வேண்டும்.

அம்பு பேக்

அவசரச் சிகிச்சையில் கற்க வேண்டிய ஒரே ஒரு கைவேலையைச் சொல்லச் சொன்னால், மூச்சுக்குழலில் குழாய் போடுவதைச் சொல்ல மாட்டோம், மாஸ்க் பிடிப்பதைத்தான் சொல்வோம். 1956-ல் டென்மார்க்கில் பொறியாளர் ஹோல்கர் ஹெஸ்ஸேவும் மயக்க மருந்து நிபுணர் ஹென்னிங் ரூபனும் உருவாக்கிய அம்பு பேக், அதாவது மாஸ்க் வழியே காற்றைச் செலுத்தக் கையால் அழுத்தும், தானாக விரிந்துகொள்ளும் பை, இன்று எல்லா ஆம்புலன்சிலும் தொங்குகிறது. எளிமையாகத் தெரிவதாலேயே அதில் யாரும் பயிற்சி எடுப்பதில்லை.

மாஸ்க் மூக்குப் பாலத்திலிருந்து கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் நடுவிலுள்ள பள்ளம் வரை உட்கார வேண்டும். பலரும் மாஸ்க்கை முகத்தில் அழுத்துகிறார்கள். தலை முன்னே மடிகிறது, பாதை மூடுகிறது. செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு: முகத்தை மாஸ்க்குக்குள் தூக்க வேண்டும். பெருவிரலும் சுட்டுவிரலும் மாஸ்க்கின் மேல், மற்ற மூன்று விரல்கள் தாடையெலும்பின் அடியில். ஒற்றைக் கையால் இதை நன்றாகச் செய்பவர்கள் குறைவு. ஆள் இருந்தால் எப்போதும் இருவர் முறைதான்: ஒருவர் இரு கையாலும் மாஸ்க்கையும் தாடையையும் பிடிக்க, இன்னொருவர் பையை அழுத்த வேண்டும். பொய்ப்பல் இருந்தால் இந்தக் கட்டத்தில் கழற்ற வேண்டாம்; கன்னம் குழிந்து காற்று கசியும். குழாய் போடும் சமயத்தில் எடுத்துக்கொள்ளலாம். தாடி இருந்தால் மேலே கொஞ்சம் ஜெல்லி.

அடுத்தது அளவு. பெரியவர் பை 1 முதல் 1.5 லிட்டர் கொள்ளும்; தேவையோ 500 முதல் 600 மில்லி. முழுதாகப் பிழியக் கூடாது. ஒரு நொடி நேரம் மெதுவாக, நெஞ்சு லேசாக ஏறுவது தெரியும் வரை அழுத்திவிட்டு விட வேண்டும். நாடி இருக்கும் பெரியவருக்கு 6 நொடிக்கு ஒன்று, குழந்தைக்கு 2 முதல் 3 நொடிக்கு ஒன்று. பரபரப்பில் கை இதை மீறிப் போகும். அமெரிக்காவின் மில்வாக்கியில் ஆம்புலன்ஸ் குழுக்களைக் கவனித்து 2004-ல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்றவர்களே இதயம் நின்றவர்களுக்கு நிமிடத்துக்குச் சராசரி 30 தடவை பையை அழுத்தியது தெரியவந்தது. வேகமாக அழுத்தினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறியபடியே இருக்கும். இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் திரும்பாது, இருக்கிற கொஞ்சநஞ்ச ரத்த ஓட்டமும் போகும். பலமாக அழுத்தினால் காற்று வயிற்றுக்குள் போய், வாந்தி வந்து, நுரையீரலுக்குள் இறங்கும். மனதுக்குள் "ஒன்று, இரண்டு… ஆறு" என்று எண்ணிக்கொண்டே அழுத்துவதுதான் இதற்கு மருந்து.

நெஞ்சு ஏறவில்லையா? பையை இன்னும் பலமாக அழுத்துவது தவறான பதில். தலையை மறுபடி சரிசெய்வது, தாடையை இன்னும் தூக்குவது, ஏர்வே போடுவது, மாஸ்க் அளவை மாற்றுவது, இருவராகப் பிடிப்பது என்ற வரிசையில் போக வேண்டும். அதன் பிறகும் ஏறாவிட்டால் தொண்டைக்குள் ஏதோ இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். குழந்தைகள் பையில் பாதுகாப்பு வால்வு ஒன்று 40 செ.மீ. நீரழுத்தம் வாக்கில் திறந்து காற்றை வெளியே விட்டுவிடும். நுரையீரல் இறுகிய குழந்தைக்கு அதை விரலால் மூட வேண்டியிருக்கலாம்.

கேஷுவாலிட்டிகளில் அடிக்கடி காணும் ஒரு தவறு: தானாக மூச்சுவிடுபவரின் முகத்துக்கு அருகில் அம்பு பேக் மாஸ்க்கைச் சும்மா பிடித்துக்கொண்டு நிற்பது. அழுத்தினாலோ, முகத்தில் இறுக்கமாக வைத்து அவரே இழுத்தாலோதான் அதன் வால்வு திறக்கும். சும்மா பிடித்தால் ஆக்சிஜன் அவருக்குப் போய்ச்சேராது. மூச்சு போதுமான அளவில் இருப்பவருக்குப் பை வைத்த மாஸ்க் போட்டு, பை முதலில் நிரம்பும்படி 10 முதல் 15 லிட்டர் விட வேண்டும். மூக்குக் குழாயில் 1 முதல் 6 லிட்டர். பொதுவாகச் சாச்சுரேஷன் (பல்ஸ் ஆக்ஸிமீட்டர் காட்டும் எண்) இலக்கு 94 முதல் 98. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (COPD) உள்ளவருக்கு 88 முதல் 92. பாராகுவாட் களைக்கொல்லி குடித்தவருக்கு ஆக்சிஜனே நுரையீரல் சேதத்தைக் கூட்டும். அவருக்கு மூச்சுத் திணறலும் சாச்சுரேஷன் சரிவும் இருந்தால் மட்டும், தேவையான அளவே தர வேண்டும்.

குழாய் எப்போது?

மூச்சுக்குழலில் குழாய் போடுவது உயர்ந்த திறமை. ஆனால் முதல் பத்து நிமிடத்தில் பெரும்பாலானோருக்கு அதனால் கூடுதல் லாபம் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 830 குழந்தைகளிடம் நடந்து 2000-ல் வெளியான ஆய்வில், ஆம்புலன்சில் குழாய் போட்டவர்களுக்கும் அம்பு பேக்கோடு வந்தவர்களுக்கும் பிழைப்பதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இங்கிலாந்தில் இதயம் நின்ற 9,000-க்கும் அதிகமானோரிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், ஐ-ஜெல் (குரல்வளை வாயிலின் மேல் உட்காரும் சுவாசக் கருவி) போட்டவர்களில் 6.4 சதவீதமும் குழாய் போட்டவர்களில் 6.8 சதவீதமும் நல்ல நிலையில் மீண்டார்கள். ஐ-ஜெல்லைப் பார்க்காமலே வாய்வழி நுழைக்கலாம். 30-60 கிலோவுக்கு 3-ம் எண், 50-90 கிலோவுக்கு 4-ம் எண். குழாய்க்குத் தேவையான பயிற்சி இல்லாத இடத்தில் இதைத்தான் கையில் வைத்திருக்க வேண்டும். முகம் வெந்து கரி படிந்த தொண்டையோடு வருபவர் விதிவிலக்கு. வீக்கம் மணிக்கணக்கில் ஏறி வழியையே மூடிவிடும் என்பதால் அங்கே தாமதிக்காமல் குழாய் போட வேண்டும்.

குழாய் போடுவதென்று முடிவானால், தலைமாட்டை 20 முதல் 30 டிகிரி உயர்த்தி, 3 நிமிடம் முழு ஆக்சிஜன். முயற்சியின்போது சாச்சுரேஷனை உரக்கச் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். 93-க்குக் கீழே வந்தால் விட்டுவிட்டு மாஸ்க்குக்குத் திரும்ப வேண்டும். இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்கிற பிடிவாதம்தான் கொல்கிறது. குழாய் சரியான இடத்தில் இருக்கிறது என்பதற்கு ஸ்டெதஸ்கோப் போதாது. உணவுக்குழலில் போன குழாயிலும் நெஞ்சில் சத்தம் கேட்பதுண்டு. வெளிவிடும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராஃப் கருவியில் மூச்சுக்கு மூச்சு அலை வந்தால் குழாய் மூச்சுக்குழலில் இருக்கிறது. அலையே வரவில்லையென்றால், வேறு காரணம் உறுதியாகும் வரை, உணவுக்குழலில் இருப்பதாகவே கொண்டு எடுத்துவிட வேண்டும். பல்வரிசையில் ஆணுக்கு 23, பெண்ணுக்கு 21 செ.மீ. குறி. அதைத் தாண்டினால் வலது நுரையீரலுக்குள் மட்டும் போகும்.

நன்றாக இருந்தவர் ஸ்ட்ரெச்சர் மாற்றியதும் சரிந்தால் நான்கு கேள்விகள்: குழாய் நகர்ந்ததா, சளியில் அடைத்ததா, நெஞ்சுக்கூட்டில் காற்று சேர்ந்து அழுத்துகிறதா, கருவியிலோ சிலிண்டரிலோ கோளாறா?

பூச்சிமருந்தும் கட்டுவிரியனும்

தமிழ்நாட்டுக் கேஷுவாலிட்டிகளில் மேற்சொன்ன அத்தனையும் சோதனைக்கு வருவது இந்த இரண்டில்தான்.

ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து குடித்தவர் தன் சுரப்பிலேயே மூழ்குகிறார். எச்சிலும் நுரையீரல் நீரும் பொங்குகின்றன, மூச்சுத் தசைகளும் தளர்கின்றன. சக்‌ஷன் செய்யச் செய்ய ஊறும்; அதை நிறுத்துவது அட்ரோபின். முதல் டோஸ் 1.8 முதல் 3 மி.கி.; நம்மிடமுள்ள 0.6 மி.கி. ஆம்ப்யூலில் 3 முதல் 5. ஐந்து நிமிடத்தில் நெஞ்சு காயவில்லையென்றால் இரட்டிப்பு, மறுபடி இரட்டிப்பு. நெஞ்சில் நீர்ச்சத்தம் அடங்கி, நாடி 80-க்கு மேலும், மேல் ரத்த அழுத்தம் 80-க்கு மேலும் வந்ததா என்பதே அளவுகோல். கண்பாவை விரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, நாடி வேகமாகிவிட்டதே என்று பயந்து நிறுத்தவும் கூடாது. அரைமயக்கத்தில் இருப்பவருக்குப் பாதையைப் பாதுகாக்காமல் வயிற்றுக் கழுவல் செய்தால் விஷம் நுரையீரலுக்குப் போகும். வீட்டில் உப்புநீரும் சோப்புநீரும் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பதிலும் இதே ஆபத்து. குழாய் போட நேர்ந்தால், தசையைத் தளர்த்தும் மருந்தான சக்சினைல்கோலினைத் தவிர்ப்பது நல்லது. அதை உடைக்கும் நொதியையே விஷம் முடக்கியிருப்பதால் தசைத் தளர்ச்சி மணிக்கணக்கில் நீளும்.

கட்டுவிரியன் கடி இன்னும் மௌனமானது. இரவில் தரையில் படுத்தவர் விடிகாலையில் வயிற்றுவலியோடு வருவார். கடித்த தடம் பெரும்பாலும் தெரியாது. இமை சரியும், இரட்டையாகத் தெரியும், எச்சிலை விழுங்க முடியாது, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாது. அதுவரை சாச்சுரேஷன் 98-ஆகவே இருக்கும். இங்கே பார்க்க வேண்டியது, ஒரு முழு மூச்சு இழுத்துவிட்டு, நொடிக்கு இரண்டு வீதம், எதுவரை எண்ண முடிகிறது என்பது. நல்ல நிலையில் இருப்பவர் 30-ஐத் தாராளமாகத் தாண்டுவார். அது 20-க்குக் கீழே வந்தாலோ, அரை மணிக்கு ஒருதரம் பார்க்கையில் குறைந்துகொண்டே போனாலோ, மூச்சு நிற்கும் முன்பே அம்பு பேக்கோடு தயாராக வேண்டும். விஷமுறிவு மருந்தைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கட்டுவிரியன் விஷம் நரம்புமுனையையே சிதைப்பதால், ஏற்கனவே வந்துவிட்ட முடக்கத்தை மருந்து உடனே திருப்பாது. அந்த நாட்களைக் கடத்துவது செயற்கை மூச்சுதான்.

முழு முடக்கத்தில் கை கால் அசையாது, இமை திறக்காது, கண்பாவை வெளிச்சத்துக்குச் சுருங்காமலும் போகலாம். மூளைச்சாவு என்று தவறாக முடிவுகட்ட எல்லா வாய்ப்பும் உண்டு. உள்ளே நினைவு முழுதாக இருக்கலாம், காது கேட்கலாம். கட்டில் அருகில் பேசும் ஒவ்வொரு சொல்லும் அதை வைத்தே இருக்க வேண்டும். என்ன செய்யப்போகிறோம் என்பதை அவரிடமே சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வென்டிலேட்டர் உள்ள மருத்துவமனைக்கு அனுப்பும்போது ஒரு கணக்கு போட வேண்டும். பி டைப் சிலிண்டர் முழுதாக இருந்தால் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் 100 நிமிடம் வரும். முள் பாதியில் நின்றால் 50 நிமிடம். பயணம் ஒரு மணி நேரம் என்றால் பாதிச் சிலிண்டரோடு வண்டி கிளம்பக் கூடாது. மாஸ்க் பிடிக்க ஒருவர், பை அழுத்த ஒருவர் என்று பின்னால் இருவர் வேண்டும். கை மரத்துப்போவதற்குள் இடம் மாறிக்கொள்ள வேண்டும். வழியில் சிலிண்டர் தீர்ந்தே போனாலும் பையை அழுத்துவதை நிறுத்தக் கூடாது. முடங்கியது தசை மட்டும்தான்; எச்சில் உள்ளே இறங்காதவரை நுரையீரல் நன்றாகவே இருக்கும், அதற்குச் சாதாரணக் காற்றிலுள்ள 21 சதவீத ஆக்சிஜனே போதும்.